விளக்கேற்றும்வரை வெயிலில் நில்லுங்கள்

அழைப்பிதழில் காலை 6 மணி என்று இருந்தது. நாங்கள் கடலில் இறங்கியது 9.10க்கு. இந்தக் கட்டுரை இடையில் போன அந்த மூன்று மணித்தியாலத்தையும் பத்து நிமிடத்தையும் பற்றியது.

போன ஏப்ரலில் வடக்கின் கரையோர ஊரொன்றில் நடந்த ட்ரையத்லன் போட்டிக்குக் கலைப்பீடத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் போனோம். ட்ரையத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். நாங்கள் போனது அதில் சரிபாதி. எங்களில் ஒருத்தரும் பெரிய வீரர் இல்லை. இரண்டு பேரிடம் கியர் சைக்கிளே கிடையாது. ஒன்று அப்பாவின் பழைய லுமாலா. மூன்று மாதம் விடிய நாலரைக்கு எழும்பிப் பழகினோம். விரிவுரைக்குப் போய்த் தூங்கி வழிந்தோம். அது எங்கள் ஆசை, அதில் யாரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு மணிக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பிரதம விருந்தினர் வரவில்லை. ஏழு மணிக்கு அறிவிப்பாளர் "இன்னும் சற்று நேரத்தில்" என்றார். ஏழே முக்காலுக்கு எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். விருந்தினர் வரும்போது வரிசை வடிவாய் இருக்க வேண்டுமாம். எட்டு இருபதுக்கு வாகனம் வந்தது. பிறகு பாண்ட் வாத்தியம், மாலை, கொடியேற்றம், மங்கள விளக்கு (காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது), வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை. பந்தலுக்குள் நின்றபடி விருந்தினர் சொன்னார்: "வெயிலையும் பொருட்படுத்தாமல் நிற்கும் எமது இளைஞர் யுவதிகளைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது." கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், வெட்கக்கேடு.

எட்டு மணியளவில் வலை தெரிந்துகொண்டிருந்த ஒரு ஐயா எங்களிடம் வந்து, "பிள்ளையள், இனிக் காத்து எழும்பப் போகுது. இறங்கிறதெண்டா இப்ப இறங்குங்கோ" என்றார். கடற்கரையில் அன்றைக்கு நடந்த பேச்சுகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அதற்கு ஒலிவாங்கி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும் என்பது வருசா வருசம் பத்திரிகையில் வரும் செய்தி. போட்டி அந்த நாட்களுக்குள்தான் வைக்கப்பட்டிருந்தது. நீந்தும்போது அலை முகத்தில் அடித்தது. சைக்கிளில் ஏறும்போது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கொண்டுபோன தண்ணீரை வரிசையில் நின்றபோதே குடித்து முடித்திருந்தோம். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் தருவோம் என்றார்கள். நாங்கள் போகும்போது இரண்டாவது இடத்தில் மேசை மட்டும் இருந்தது.

ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீற்றரில் எங்கள் நண்பன் வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கினான். நாங்கள் சிரித்தோம். "டேய், அங்கால இல்ல, இஞ்சால" என்று கத்தினோம். அவன் ஏதோ சொன்னான், விளங்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான் மச்சான், விடாதை" என்றோம். இருநூறு மீற்றர் தள்ளி ரோட்டோரம் விழுந்தான். தொட்டுப் பார்த்தால் தோல் நெருப்பு.

முதலுதவிக் கூடாரத்தில் ஒரு கட்டிலும் கொஞ்சம் பஞ்சும் தைலமும் இருந்தன. ஐஸ் இல்லை. ஐஸ் விருந்தினர் பந்தலில் சோடாப் போத்தல்களுக்குக் கீழே இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் ஐஸ் கொண்டுவந்தது அந்த ஐயாதான். மீன் அடுக்கும் றெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தன் சாரத்தை நனைத்து, ஐஸைச் சுற்றி, அவன் கழுத்திலும் கமக்கட்டிலும் வைத்தார். மீன் மணத்தோடு கிடந்த எங்கள் நண்பன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் பெயரைச் சொன்னான். இரண்டு நாள் வார்ட்டில் வைத்துச் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். இப்போது நல்லாய் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை.

வெயிலில் ஓடும்போது உடம்புக்கு என்ன நடக்கிறது என்று நாங்கள் பிறகுதான் வாசித்தோம். முதலே வாசித்திருக்க வேண்டும். தசை வேலை செய்தால் சூடு உண்டாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற எங்களுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரம் கூட இருப்பதால் அது காயாமல் சொட்டும். உடல் உள்ளே சூடாகிக்கொண்டே போகும். உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி மூளை குழம்பத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. வழி மாறி ஓடுவது, உளறுவது, கேட்டதற்குப் பதில் சொல்லாதது எல்லாம் அதன் அடையாளம். நாங்கள் சிரித்தது அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான். மருத்துவர்கள் சொல்லும் விதி சின்னது: முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதுதான் மிகச் சிறந்தது. அரை மணித்தியாலத்துக்குள் சூட்டை இறக்கினால் ஆள் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு தொட்டி, கொஞ்சம் ஐஸ், அதைத் தெரிந்த ஒரு ஆள். ஒரு பொன்னாடைக்கும் இரண்டு மாலைக்கும் ஆகும் செலவு அதற்கு ஆகுமா?

நடந்ததை முகநூலில் எழுதினோம். ஆறுதல் சொன்னவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ஒரே மாதிரியான பதில்கள், கிட்டத்தட்ட எல்லாமே எங்கள் அப்பாமாரின் வயதுக்காரரிடமிருந்து: "அந்தக் காலத்தில நாங்கள் இந்த வெயிலுக்குள்ள எத்தின கட்டை சைக்கிள் மிதிச்சனாங்கள். இப்பத்தைப் பிள்ளையளுக்கு ஒண்டும் ஏலாது."

இந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

மிதித்தீர்கள், தெரியும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டீர்கள். விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிள் கரியரில் போனார்கள். கிளாலிக் கடலை இரவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தீர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தது. எங்கள் அம்மாமார் அந்த நடையில் இருந்தார்கள். நாங்கள் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவற்றின் பாரம் எங்களுக்கும் தெரியும்.

ஆனால் அந்த நடையை ஒருத்தரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. வேறு வழி இருந்திருந்தால் ஒருத்தரும் நடந்திருக்க மாட்டார்கள். விழுந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவர்கள் இன்று இல்லை. பிழைத்தவர்களின் கதையை மட்டும் எடுத்து அளவுகோலாக்கி, அதை வைத்து இருபது வயதுப் பிள்ளையை அளப்பது எந்த நியாயம்? திணிக்கப்பட்ட துன்பத்தைப் பயிற்சியாக மாற்றிப் பேசும்போது, அதைத் திணித்தவர்களுக்கும் சேர்த்தே மன்னிப்புக் கொடுத்துவிடுகிறோம். அதை யோசித்தீர்களா?

எங்கள் கொண்டாட்டங்களிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இந்தியாவரை நீந்தி, அங்கிருந்து திரும்பியும் நீந்தினார், 51 மணித்தியாலம். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்துபோனார். அவரைச் சாகசக்காரர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். கடலுக்கு அஞ்சாத மனிதர் என்பது உண்மை. ஆனால் நெடுந்தூரம் நீந்துகிறவருக்கு என்ன உணவு, என்ன பயிற்சி, பக்கத்தில் எப்படிப்பட்ட படகு, எப்போது வெளியே இழுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் பெயரால் ஒரு பாடம் நடத்துகிறோமா? சிலையும் பேச்சும் மலிவு. பாடத்துக்கு உழைப்பு வேண்டும்.

சரி, உலகத்தின் உண்மையான வீரர்களை வெயிலில் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 2019 ஓகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கான ட்ரையத்லன் வெள்ளோட்டம் நடந்தது. பெண்கள் போட்டியில் வெப்பத்துக்காக 10 கிலோமீற்றர் ஓட்டத்தை 5 ஆகக் குறைத்தார்கள். 2021இல் ஒலிம்பிக் நடந்தபோது ட்ரையத்லன் காலை 6.30க்குத் தொடங்கியது. மரதனை டோக்கியோவில் வைக்கவே இல்லை, வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். ஒருத்தரும் அவர்களைப் பார்த்து "இப்பத்தைப் பிள்ளையளுக்கு ஏலாது" என்று சொல்லவில்லை. பதக்கம் வாங்குகிறவர்களுக்கு ஆறரை மணி. அப்பாவின் லுமாலாவில் வந்த எங்களுக்கு ஒன்பது பத்து.

எங்கள் நாட்டிலும் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வெளியிடுகிறது. வெப்பத்தோடு ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட்டு, உடம்பு உணரும் சூட்டைச் சொல்கிறது. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். 2024 மார்ச்சில் கிழக்கில் ஒரு பாடசாலை மாணவன் மரதன் ஓடிய பின் இறந்தான். அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அதற்குப் பிறகும் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அணிவகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் மயங்கி விழுவதும், இரண்டு சாரணர்கள் தூக்கிக்கொண்டு போவதும், நிகழ்ச்சி நிற்காமல் நடப்பதும் தொடர்கிறது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாடசாலையில் எங்களில் இரண்டு பேர் விழுந்தும் இருக்கிறோம்.

ஏன் தொடர்கிறது? எங்கள் பதில் இது: போட்டி போட்டியாளருக்காக நடப்பதில்லை. மேடைக்காக நடக்கிறது. மேடைக்கு நேரம் தவறினால் விழா நடத்தியவருக்கு மரியாதைக் குறைவு, எங்களுக்கு நேரம் தவறினால் அது பொறுமையின் சோதனை. விருந்தினர் இல்லாமல் தொடங்கினால் அடுத்த முறை அனுசரணை கிடைக்காது என்று ஏற்பாட்டாளர்கள் பயப்படுகிறார்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர், கைக்காசு போட்டு இந்த விளையாட்டை வடக்குக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களுடைய பயம் விளங்குகிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை எங்கள் உடம்பு ஏன் கட்ட வேண்டும்?

எங்களையும் விட மாட்டோம். போட்டி முடிந்த கையோடு, நண்பன் ஆஸ்பத்திரியில் இருக்கையிலேயே, எங்களில் ஒருவர் பதக்கத்தோடு படம் போட்டு "வெயிலாவது மண்ணாவது" என்று எழுதினார். இருநூறு விருப்பம் வந்தது. பிறகு அழித்தார். "விடாதை" என்ற சொல் எங்கள் வாயில் எவ்வளவு லேசாக வருகிறது! விடச் சொல்லத் தெரிந்த நண்பன்தான் கூட ஓடத் தகுதியானவன் என்று இப்போது நினைக்கிறோம். நிற்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க எங்களுக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏப்ரல் வெயிலில் வைக்கிறீர்கள் என்றால் விடியத் தொடங்குங்கள். விளக்கும் உரையும் பொன்னாடையும் போட்டி முடிந்த பிறகு, நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் இருந்து கேட்போம். அன்றைய வெப்பச் சுட்டெண்ணைப் பார்த்துத் தூரத்தைக் குறைக்கவும், தேவையென்றால் நிறுத்தவும் ஒரு வைத்தியருக்கு அதிகாரம் கொடுங்கள். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய சொல்தான் கடைசிச் சொல்லாக இருக்கட்டும். தண்ணீரோடு ஜீவனியும் வையுங்கள். வியர்வையில் போகும் உப்பை வெறும் தண்ணீர் ஈடுசெய்யாது. முடிவுக்கோட்டில் ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர் வையுங்கள். அந்த ஊர்க் கடல் எப்போது எழும்பும் என்று தெரிந்த ஒருவரை ஏற்பாட்டுக் குழுவில் சேருங்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்த விருப்பமென்றால் நாங்களே கைதட்டுவோம், இந்த முறை மனமார.

அடுத்த ஏப்ரலிலும் பதிவோம். எங்கள் நண்பனும் பதிவான், வைத்தியர் ஓம் என்றால். ஐந்தரைக்கே கரையில் நிற்போம். ஆறரைக்கு விசில் ஊதாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எங்களோடு எத்தனை பேர் திரும்புகிறீர்கள் என்பதில்தான் ஏழாவது மணிக்கு யார் யாருக்காகக் காத்திருப்பது என்பது தீர்மானமாகும்.