மூலமும் உரையும்

கெடா மாநிலத்துப் பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில் திருக்குறள் உள்ள வீடுகளும் உண்டு. விவிலியம் உள்ள வீடுகளும் உண்டு. குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் உரையின் துணையை நாடத் தயங்குவதில்லை. பரிமேலழகரை மறுக்கும் புலவரும் மணக்குடவரைத் துணைக்கு அழைப்பாரேயன்றி, உரையே வேண்டா என்பார் அரியர். விவிலியம் என்று வந்துவிட்டால் மட்டும், ஒரு வசனத்தைப் பிடுங்கியெடுத்து, "எழுதியபடியே கொள்க, விளக்கம் எதற்கு?" என முழங்கும் துணிவு எங்கிருந்து பிறக்கிறது? கத்தோலிக்கத் திருச்சபை மக்களிடமிருந்து வேதத்தை மறைத்தது என்னும் குற்றச்சாட்டும் இம்முழக்கத்தோடு சேர்ந்தே வருகிறது.

குற்றச்சாட்டில் உண்மையே இல்லை எனல் நேர்மையன்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சேற்றியோர் கத்தோலிக்கரே. ஆயினும் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது 1715இல், தரங்கம்பாடியில், லுத்தரன் போதகர் சீகன்பால்குவின் முயற்சியால். வீரமாமுனிவர் 1728இல் 'வேதவிளக்கம்' எழுதி அம்மொழிபெயர்ப்பின் தமிழைச் சாடினார். சாடியதில் நியாயம் உண்டு. ஆனால் கொச்சைத் தமிழுக்குத் தக்க மறுமொழி நற்றமிழ் மொழிபெயர்ப்பே அன்றோ? தேம்பாவணி தந்த கை அதனைத் தரவில்லை.

இன்றும் அப்பழங்கதையையே பேசுவோர், 1965 நவம்பர் 18ஆம் நாளை மறந்துவிடுகின்றனர். அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை 2344க்கு 6 என்னும் வாக்குகளால் ஏற்றது. திருநூலும் திருமரபும் ஒரே ஊற்றினின்று பெருகுவன. திருச்சபையின் போதக அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணி செய்வது. திருநூல் எல்லா மக்களுக்கும் தாராளமாய்த் திறந்திருத்தல் வேண்டும் என்பன அதன் கூற்றுகள். உரை உவமை முற்றும் பொருந்தாது என்பதும் உண்மையே: உரையாசிரியரை மாணவன் தள்ளலாம், போதக அதிகாரமோ கிறிஸ்துவின் பெயரால் பேசுவதாகக் கூறுகிறது. எனினும் மூலத்தின் கீழ் நிற்பதாகத் தன்னையே அது கட்டுப்படுத்திக்கொண்டது சிறிய செய்தியன்று.

நூலாசிரியன் கருதிய பொருளையும் கையாண்ட இலக்கிய வகையையும் ஆராய்க எனவும் சங்கம் பணித்தது. தொடக்கநூலில் ஒளி முதல் நாளிலும் கதிரவன் நான்காம் நாளிலும் தோன்றுகின்றன. கதிரவன் இல்லாத முதல் மூன்று நாள்களை எக்கடிகாரத்தால் அளப்பது? அகப்பாட்டின் தலைவிக்கு ஊரும் பேரும் தேடாத தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை.

மறுபுறம், மறையுரையைக் கேட்டதே போதுமென மூலத்தைத் திறவாத கத்தோலிக்கரும் குற்றத்திற்கு உரியவரே. சீகன்பால்குவின் வழியினரும் வீரமாமுனிவரின் வழியினரும் ஒன்றுகூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்துவிட்டது. தமிழ் படிக்கத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளையின் கையில் அதனைக் கொடாமல் நிலைப்பேழையில் பூட்டி வைப்போர், வீரமாமுனிவர் மீது குறை கூறும் தகுதியை எங்ஙனம் பெறுவர்?