ஸ்டூல் எங்கே?



பையில் காசில்லாத மாணவனுக்குத் தியாகராய நகரை விட்டால் வேறு சொர்க்கம் ஏது? கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் நானும் என் ரூம் மேட்டும் கிளம்பினோம். இருவர் பாக்கெட்டையும் சேர்த்தால் 150 ரூபாய். "வாங்கறதுக்கு இல்லடா, சும்மா பார்க்கறதுக்கு" என்றான் அவன்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 2023-ல் திறந்த நடை மேம்பாலம் இருக்கிறது. ஆனால் ரங்கநாதன் தெருவில் இடிபடாமல் போனால் அது தி.நகருக்குப் போன கணக்கா? மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய் பத்தை, சுட்ட சோளம், பிறகு பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் உட்கார்ந்து சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. ராஜ வாழ்க்கைதான்!

பிறகு ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தோம். "அந்த நீலம் காட்டுங்க... அதுக்குக் கீழே இருக்கறது..." என்று நண்பன் ஆரம்பித்தான். நம் வயதுப் பெண் ஒருத்தி பதினான்கு சட்டைகளைப் பிரித்துப் போட்டாள். "எதுவும் பிடிக்கலைங்க" என்று திரும்பிவிட்டான். அவள் முகம் சுளிக்காமல் மடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேதானா?" என்றேன்.

"உட்கார்ந்தா சூப்பர்வைசர் திட்டுவாருண்ணா."

மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன!

இந்தத் தெருவின் ஜவுளிக் கடை ஊழியர்களின் கதையை 2010-லேயே 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்துக் கண் கலங்கினோம். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்றது. ஸ்டூல் வந்துவிட்டது. உட்காரும் தைரியம்தான் வரவில்லை.

ஃபிட்டிங் ஷாப்பில் மூன்று மணி நேரம் நின்று அரம் போட்டாலே நமக்குக் கால் கடுக்கிறதே! கெண்டைக்கால் தசை ஒரு பம்ப் மாதிரி. நடந்தால் ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, வீங்கி, நரம்பு சுருட்டிக்கொள்ளும். நாள் முழுக்க நாங்கள் நடந்தோம், அவள் நின்றாள்.

"எடுத்துக் காட்டத்தானே சம்பளம்?" என்று கேட்பீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்குக் காட்டுவது வேலைதான். நாங்களோ வாங்குவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர்கள். வேடிக்கை பார்ப்பது தப்பில்லை நண்பர்களே! அதற்குத்தானே வாசலில் பொம்மைக்குச் சட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள்? கண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் பார்ப்போம். அடுத்தவர் காலை வலிக்கவைத்துப் பார்க்க வேண்டாம்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து நண்பன் கேட்டான்: "அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குடா உட்காரும்?"

டிப்ளமோ முடித்தால் நம்மில் பலர் ஏறப்போகும் முதல் படியே சூப்பர்வைசர் வேலைதான். அன்றைக்கு அந்த ஸ்டூல் நம் பொறுப்பில் இருக்கும். அதன்மேல் பெட்டியை வைப்போமா, ஆளை உட்கார வைப்போமா? இப்போதே முடிவு செய்வோம்!