வரவேற்பு யாருடைய கடன்?

அமெரிக்க நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் மணம் செய்துகொண்டு குடியிருக்க வீடு தேடும்போது, உற்றாரும் நண்பரும் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “உங்களை ஏற்றுக்கொள்ளும் இடமாகப் பார்த்துப் போங்கள்.” கேட்பதற்கு இதமான சொற்கள். அக்கறையில் பிறந்தவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்த அறிவுரையை நாம் ஏற்பதாயில்லை. அதற்குள் ஒரு அநீதி மெத்தென்று படுத்திருக்கிறது.

எங்கோ நடக்கும் கதை என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். படிப்புக்கும் பணிக்கும் கடல் கடந்த நம் பங்குகளின் பிள்ளைகளில் சிலர் அங்கே வேற்றினத்தாரை மணந்து வாழ்கின்றனர். “சாமி, எந்த ஊர் அவர்களுக்கு ஒத்துவரும்?” என்று பெற்றோர் நம்மிடம் வந்து கேட்கின்றனர்.

ஏற்கும் இடத்துக்குப் போ என்று சொல்லும்போதே, ஏற்க மறுக்கும் உரிமை மற்ற இடங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தவறு ஊருடையது, அலைச்சலோ தம்பதியருடையது. சனிக்கிழமைதோறும் ஒரு புதிய தெருவுக்குப் போய், பூங்கா இருக்கையில் அமர்ந்து, போவோர் வருவோரின் முகநிறத்தை எண்ண வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, எத்தகைய பிள்ளைகள் வெளியே வருகின்றனர் என்று பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணைகளைப் புரட்ட வேண்டும். வீட்டுத் தரகரைக் கேட்டால் அவர் வாய் திறக்கமாட்டார்; இனத்தைப் பார்த்து இடம் காட்டுவதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் அந்த மௌனத்தின் சுமையும் இத்தம்பதியர் தோளில்தான் ஏறுகிறது.

லவ்விங் தம்பதியரை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தின் கரோலைன் வட்டாரத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வெள்ளையர், கொத்தனார்; மில்ட்ரெட் வெள்ளையர் அல்லாதவர். 1958இல் வாஷிங்டன் நகருக்குச் சென்று மணம் முடித்துத் திரும்பினர். சில வாரங்களில், நள்ளிரவில், படுக்கையறைக்குள் நுழைந்து காவலர் அவர்களைக் கைது செய்தனர். 1959 ஜனவரியில் நீதிபதி ஓராண்டுச் சிறை விதித்தார். 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அம்மாநிலத்தில் கால்வைக்காமல் இருந்தால் சிறை இல்லை என்றார். வாஷிங்டனில் அவர்கள் மணத்துக்குச் சட்டத் தடை ஏதுமில்லை. ஏற்கும் இடம் என்று இன்று நாம் சொல்லுகிறோமே, அத்தகைய இடம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது! ஆயினும் மில்ட்ரெட்டின் மனம் அங்கே ஒட்டவில்லை. தாய் தந்தையர், உடன்பிறந்தோர், வளர்ந்த வயல்வெளி எல்லாம் கரோலைனில் அல்லவா இருந்தன? 1963இல் அரசின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடிக்கு அவர் கடிதம் எழுதினார். அதிலிருந்து தொடங்கிய வழக்கு 1967 ஜூன் 12 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பாக முடிந்தது. வேற்றின மணத்தைத் தடைசெய்து அன்றுவரை 16 மாநிலங்களில் நிலவிய சட்டங்கள் செல்லாதவை ஆயின. தம்பதியர் தம் வட்டாரத்துக்கே திரும்பினர். ரிச்சர்ட் அங்கே வீடு கட்டினார். பாதுகாப்பான ஊரிலேயே இருந்துவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க நமக்கு வாய் வருமா?

திருச்சபைக்கு இதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. பெருமையை முதலில் சொல்வோம். கலிபோர்னியாவில் ஆந்திரேயா பெரெஸ், சில்வெஸ்டர் டேவிஸ் என்ற இரு கத்தோலிக்கருக்கு மணஉரிமம் மறுக்கப்பட்டது. அவள் மெக்சிக்க மரபினள், சட்டக் கணக்கில் வெள்ளையர், அவர் கறுப்பினத்தவர். எங்கள் திருச்சபை தரத் தயாராயிருக்கும் அருளடையாளத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை ஏது என்று அவர்களின் வழக்கறிஞர் டேனியல் மார்ஷல் வாதிட்டார். 1948 அக்டோபரில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் வென்றனர். அந்த நால்வரில் ஒருவர் சமய உரிமையையே தம் தீர்ப்புக்கு அடிப்படையாக்கினார். அதே ஆண்டு மே மாதத்தில் வீட்டுக்கும் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவியிருந்தது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்சநீதிமன்றம் விதித்தது.

இனி வெட்கம். 1958இல் அந்நாட்டு ஆயர்கள் இனப்பாகுபாட்டைக் கண்டித்து அறிக்கை விடுத்தனர். எட்டே ஆண்டுகளில், 1966 ஆகஸ்ட் 5 அன்று, எவரும் எங்கும் குடியிருக்கும் உரிமை கேட்டு மார்ட்டின் லூத்தர் கிங் சிகாகோவின் மார்க்கெட் பூங்காவில் நடந்தபோது அவர் தலையில் கல் விழுந்தது. அந்தப் பகுதியில் கத்தோலிக்கர் மிகுதி. அந்தக் கோடைக்கால ஊர்வலங்களில் குருக்களும் கன்னியரும் சேர்ந்து நடந்தபோது அவர்களும் வசைக்கு ஆளாயினர். ஆயர்களின் சொல் ஒரு பக்கம், பங்குமக்களின் கல் ஒரு பக்கம். பீடத்தின் முன்னே இருவரை இணைத்து வைத்துவிட்டு, அவர்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்பவர்கள் எந்த அருளடையாளத்தை நம்பினார்களோ!

அதெல்லாம் பழங்கதை, இன்று யாரும் அப்படியில்லை என்பார் உண்டு. வேற்றின மணத்தை ஏற்போர் 1958இல் 4 விழுக்காடு, 2021இல் 94 விழுக்காடு என்று கருத்துக்கணிப்பு காட்டுவது உண்மை. ஆனால் 2020இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் நடந்ததையும் பாருங்கள். கறுப்பின மனைவியும் வெள்ளைக் கணவரும் வாழ்ந்த வீட்டை மதிப்பிட வந்தவர் 3,30,000 டாலர் என்றார். மனைவி தம் இனத்தவர் படங்களையும், கறுப்பின எழுத்தாளர் நூல்களையும் அகற்றிவிட்டு, மகனுடன் வெளியே போய்விட்டார். கணவர் மட்டும் இருந்தார். வேறொருவர் வந்து மதிப்பிட்டார்: 4,65,000 டாலர்! வீடு அதே வீடு. சுவரும் அதே சுவர். கருத்துக் கேட்டால் ஒப்புபவர் கையெழுத்திடும்போது என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

அப்படியானால் ஏற்கும் இடங்களே இல்லையா? உண்டு. அவை எப்படி உண்டாயின என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் இன்று பல இனத்தவர் கலந்து வாழும் ஊருக்கு எடுத்துக்காட்டு. அங்கேதான் 1950இல் வேதியியல் அறிஞர் பெர்சி ஜூலியன் வாங்கிய வீட்டுக்கு, அவர் கறுப்பர் என்பதால், நன்றியறிதல் நாளன்று தீ வைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடிகுண்டு வீசினர். பிறகு ஊரார் சிலர் விழித்துக்கொண்டனர். 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் விதியை ஊராட்சி இயற்றியது. 1972இல் வீடு தேடுவோர்க்கு வழிகாட்டும் மையம் ஒன்றை ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி தொடங்கினார். கறுப்பர் வருகிறார்கள், விலை விழப்போகிறது என்று வெள்ளையரை அச்சுறுத்தி, மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்பது தரகர் சிலரின் பிழைப்பாயிருந்தது. அதை முறிக்க, வீட்டு மதிப்பு குறைந்தால் ஈடுசெய்யும் திட்டத்தையே அவ்வூர் 1970களின் இறுதியில் வகுத்தது. ஒகையோவின் ஷேக்கர் ஹைட்ஸிலும் 1956இல் குண்டு வெடித்தது. 1957இல் அண்டை வீட்டார் கூடிச் சங்கம் அமைத்தனர். ஏற்கும் ஊர் காடு போலத் தானாய் முளைப்பதில்லை; வயல் போல உழுது விதைத்து உண்டாக்குவது. உழவேண்டியவர் அங்கே முன்பே குடியிருப்பவர்.

பிள்ளைகளின் அமைதிக்காக ஒதுங்கிப் போவதே மேல் என்போர் எண்ணிக்கை நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்ததற்காக மிரியாமும் ஆரோனும் அவரைப் பழித்தனர். பாளையத்துக்கு வெளியே ஏழு நாள் இருக்கச் சொல்லப்பட்டவர் யார்? கூசு நாட்டுப் பெண் அல்லள்; மிரியாம். நம் அறிவுரையோ கூசுப் பெண்ணை நோக்கி, உனக்கு ஒத்த வேறொரு பாளையம் பார்த்துக்கொள் என்கிறது.

பெற்றோரிடம் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. மருமகனின் நிறத்தை ஏற்கும் தெருவை அமெரிக்காவில் தேடுகிறீர்களே, உங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டீர்களா, இல்லையா?

கேட்டு வரும் பெற்றோர்க்கு நாம் ஊர்ப்பெயர் எதுவும் சொல்வதில்லை. பிள்ளைகள் போகவிருக்கும் ஊரின் பங்குத்தந்தைக்கு மடல் எழுதுகிறோம். திருப்பலி முடிந்து முற்றத்தில் யாரோடு யார் நின்று பேசுகிறார்கள், பங்குப் பேரவையில் யார் யார் இருக்கிறார்கள், வீடு வாடகைக்கு விடும் பங்குமக்களிடம் இத்தம்பதியரை நீங்களே அழைத்துப் போவீர்களா என்று கேட்கிறோம். மறுமொழி எழுதியவர் உண்டு, எழுதாதவரும் உண்டு. எழுதாதவர்க்கு இரண்டாம் மடல் போகிறது.