ஹெட்போனுக்கு அம்பிளிபயர் பொருத்தம் பார்த்தல்

கலியாணத்துக்குச் சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஹெட்போனுக்கும் அம்பிளிபயருக்கும் பொருத்தம் பார்க்கும் வழக்கம் இசைப்பிரியர்களிடையே வேரூன்றிவிட்டது. இந்த ஹெட்போனுக்கு இந்த அம்பிளிபயர்தான் சேரும், அதனோடு சேர்த்தால் ஒலி வரண்டுபோகும், இதனோடு சேர்த்தால் தேனாகப் பாயும் என்று ஆருடம் சொல்வதற்கு ஆட்கள் ஏராளம். சோதிடரிடமாவது கிரகநிலை என்று ஒரு கணக்கு இருக்கும். இங்கே பெரும்பாலும் அதுவும் கிடையாது. உவமைகளை மட்டுமே நம்பி இலட்சக்கணக்கான ரூபா கைமாறுகிறது.

பத்திரிகை அலுவலகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் உரிச்சொற்கள் மீது எனக்கு இயல்பாகவே ஐயம் உண்டு. நிருபர் கொண்டுவரும் செய்தியில் "பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர்" என்று இருந்தால், எத்தனை பேர் என்று கேட்பதே ஆசிரியபீடத்தின் முதல் வேலை. ஒலிக்கருவி விமர்சனங்களை வாசிக்கும்போதும் அதே கேள்விதான் மனதில் எழுகிறது. "பட்டுப்போன்ற ஒலி" என்கிறார்களே, எதனோடு ஒப்பிட்டு? எந்த ஒலியளவில்? எந்த இசைத்தட்டை வைத்து? இவற்றுக்கு விடை தராத விமர்சனம் விளம்பரத்தின் உடன்பிறப்பு என்பது எனது கருத்து.

பொருத்தம் பார்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. அவசியம் பார்க்கவேண்டும். ஆனால் பத்துப் பொருத்தம் தேவையில்லை, இரண்டு போதும். அவை இரண்டும் எண்களால் சொல்லக்கூடியவை.

முதலாவது, அம்பிளிபயர் தரும் மின்னழுத்தமும் வலுவும் ஹெட்போனுக்குப் போதுமா என்பது. ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2003இல் வெளியிட்ட எச்.டி. 650 என்ற ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடங்கல், அதாவது இம்பீடன்ஸ், 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஓமின் விதிப்படி அப்போது செலவாகும் வலு மூன்று மில்லிவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஒரு வாட்டின் முந்நூறில் ஒரு பங்கு! அப்பிள் நிறுவனம் கைத்தொலைபேசிக்கென்று 9 டொலருக்கு விற்ற சிறிய இணைப்பியின் அமெரிக்க வடிவம்கூட ஏறத்தாழ 1 வோல்ட் தரக்கூடியது. 103 டெசிபல் என்பதோ நெடுநேரம் கேட்டால் காதுக்குக் கேடு விளைவிக்கும் ஒலி. இத்தகைய ஹெட்போனுக்கு ஐந்து வாட் அம்பிளிபயர் வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சைக்கிளுக்கு லொறி எஞ்சின் பூட்டச் சொல்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஹைஃபைமான் நிறுவனம் 2010இல் வெளியிட்ட எச்.ஈ.-6 என்பது பிளேனர் மேக்னட்டிக் வகையைச் சேர்ந்தது. மெல்லிய தகடுபோன்ற சவ்வின் மீதே மின்பாதை பதிக்கப்பட்டு, அது காந்தங்களுக்கு இடையில் அதிரும். இதன் தடங்கல் 50 ஓம் மட்டுமே. ஓம் குறைவாக இருப்பதால் இயக்குவது எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை நேர்மாறானது. இதன் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே 103 டெசிபலை எட்டுவதற்கு இதற்கு ஏறத்தாழ 90 மில்லிவாட் தேவை. எச்.டி. 650 கேட்பதைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். ஒலிபெருக்கிகளுக்கான அம்பிளிபயர்களில் இதனை நேரடியாகப் பொருத்திக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்றால் அதற்கு நியாயம் இருந்தது. ஆகவே ஓம் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, பெண்ணின் உயரத்தை மட்டும் பார்த்துக் கலியாணம் பேசுவதற்கு ஒப்பாகும். உணர்திறனையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 முதல் விற்றுவரும் நிலைமின் ஹெட்போன்கள் தனிச்சாதி. அவற்றின் இன்றைய வகைகளுக்கு 580 வோல்ட் நிலையான அழுத்தம் வேண்டும். அதற்கென்றே செய்யப்பட்ட இயக்கியோடு மட்டுமே அவை இயங்கும். அங்கே இந்தக் கணக்குகளுக்கு இடமில்லை.

இரண்டாவது பொருத்தம், அம்பிளிபயரின் சொந்தத் தடங்கல். வெளியீட்டுத் தடங்கல் என்று இதனைச் சொல்லலாம். இதைப்பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் "இந்த அம்பிளிபயரில் கேட்டால் ஒலி மாறுகிறது" என்று சொல்பவர்களின் அனுபவத்துக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

விளக்கம் எளிது. அம்பிளிபயர் தரும் அழுத்தம், அதன் உட்தடங்கலுக்கும் ஹெட்போனின் தடங்கலுக்கும் இடையில் பங்கிடப்படுகிறது. ஹெட்போனின் தடங்கல் எல்லா மீடிறன்களிலும் ஒரே அளவாக இருந்தால் ஒலி சற்றுக் குறையுமே தவிர அதன் குணம் மாறாது. ஆனால் எச்.டி. 600, 650 போன்றவற்றின் தடங்கல் 100 ஹேர்ட்ஸ் அளவில், சவ்வு பரிவுறும் இடத்தில், 500 ஓமையும் தாண்டி ஏறுகிறது. 1996இல் வெளியான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் தரம் ஒன்று 120 ஓம் வெளியீட்டுத் தடங்கலைப் பரிந்துரைத்தது. அப்படியான அம்பிளிபயரில் எச்.டி. 650ஐப் பொருத்தினால் தாழ்ந்த ஸ்தாயி ஏறத்தாழ 1 டெசிபல் உயரும். மத்தள ஒலி சற்றுத் தடித்துக் கேட்கும். இதைத்தான் சிலர் "வெதுவெதுப்பு" என்று வர்ணிக்கிறார்கள். கேட்பவருக்கு அது பிடித்திருந்தால் தவறில்லை. ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. வெறும் பங்கீட்டுக் கணக்கு.

அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடங்கல் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நல்லது என்ற பொதுவிதி இங்கே உதவும். 300 ஓம் ஹெட்போனுக்கு 37 ஓம் வரை போகலாம். நியூயோர்க்கின் புரூக்ளினிலிருந்து வரும் கிராடோ ஹெட்போன்கள் பல 32 ஓம். அவற்றுக்கு 4 ஓமுக்கு மேல் ஆகாது. வெளியீட்டு டிரான்ஸ்போமர் இல்லாத வால்வு அம்பிளிபயர்கள் 300 ஓம் ஹெட்போன்களுடன் சேர்ந்து புகழ்பெற்றதற்கும், தடங்கல் குறைந்த பிளேனர் ஹெட்போன்களுடன் சேரும்போது திணறுவதற்கும் இதுவே காரணம். அத்தகைய வால்வு அமைப்புகளின் வெளியீட்டுத் தடங்கல் பொதுவாகவே அதிகம். தடங்கல் குறைந்த சுமை கேட்கும் மின்னோட்டத்தைத் தருவதும் அவற்றுக்கு இயலாத காரியம்.

இவ்விரு பொருத்தங்களும் கூடிவிட்டால், இரைச்சலும் திரிபும் இல்லாத இரண்டு அம்பிளிபயர்களுக்கிடையே எஞ்சும் வேறுபாடு எவ்வளவு? அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவியூ’ சஞ்சிகை 1987 ஜனவரியில், ஒலிபெருக்கிகளுக்கான அம்பிளிபயர்களைக் கொண்டு நடத்திய சோதனையொன்றை வெளியிட்டது. மலிவான ரிசீவர் ஒன்றும் பல்லாயிரம் டொலர் பெறுமதியான வால்வு அம்பிளிபயரும் அதில் இடம்பெற்றன. ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்பதை மறைத்து வைத்தபோது, கேட்டவர்களால் அவற்றைத் தற்செயலை விஞ்சிய அளவில் இனங்காண இயலவில்லை. 2011இல், தம்மை இன்னாரென்று கடைசிவரை வெளிப்படுத்தாத பொறியியலாளர் ஒருவர் ‘ஓ-2’ என்ற ஹெட்போன் அம்பிளிபயரின் வரைபடத்தை அளவீடுகளுடன் இலவசமாகவே வெளியிட்டார். அதனைப் பொருத்தி விற்றவர்கள் 150 டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்றார்கள். அளவீடுகளில் அதன் பன்மடங்கு விலைகொண்ட கருவிகள் பல அதற்குப் பின்னால் நின்றன. நல்ல அம்பிளிபயர் செய்வது இன்று தீர்க்கப்பட்ட பொறியியற் பிரச்சினை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஹெட்போன்களின் கதை அப்படியல்ல. அவற்றுக்கிடையிலான வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டும் தெரியும் வேறுபாடு. எச்.டி. 650இல் குரலும் வயலினும் இயல்பாக ஒலிக்கும், உச்சஸ்தாயி சற்று அடங்கியிருக்கும். அதே நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வெளியீடான எச்.டி. 800, மேடையை விரித்துக் காட்டுவதில் நிகரற்றது என்பர். ஆனால் 6 கிலோஹேர்ட்ஸ் அளவில் அதன் ஒலி துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தணிக்கும் ஏற்பாட்டுடன் எச்.டி. 800 எஸ் என்ற திருத்தப்பதிப்பை நிறுவனமே பின்னர் கொண்டுவந்தது. கிராடோவில் தந்திகளின் கூர்மை முன்னே வரும், ஆழ்ந்த தாழ்ஸ்தாயி மெலியும். ஒஸ்திரியாவின் ஏகேஜி கே. 701, அகலமாகவும் சற்று ஒல்லியாகவும் ஒலிக்கும். இந்தக் குணங்களை ஓர் அம்பிளிபயரால் மாற்றிவிட முடியும் என்று நம்புவது, உப்பில்லாத குழம்பைப் பாத்திரத்தை மாற்றிச் சரிசெய்ய முயல்வது போன்றது. கணினியிலுள்ள ஈக்குவலைசர் செலவில்லாமல் அதைவிட அதிகம் செய்யும்.

விலை கூடினால் ஒலி கூடுமா? 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் மீடிறன் அளவீடுகளை அவற்றின் விலைகளோடு ஒப்பிட்டு, இரண்டுக்குமிடையே தொடர்பு எதுவுமில்லை என்ற முடிவை வெளியிட்டார். வேலைப்பாடு, அணியும் சுகம், நீடித்த உழைப்பு ஆகியவற்றுக்கு விலை கொடுக்கலாம். அவை பெறுமதியானவையே. ஆனால் அவற்றை ஒலி என்ற பெயரில் விற்பது நேர்மையாகாது.

சரி, கடையில் இரண்டு கருவிகளை எப்படி ஒப்பிடுவது? முதல் விதி, ஒலியளவைச் சமப்படுத்துதல். இரண்டில் எது சற்று உரத்து ஒலிக்கிறதோ அதுவே நமது காதுக்குத் தெளிவானதாகவும் செழுமையானதாகவும் படும். அரை டெசிபல் வித்தியாசமே தீர்ப்பைச் சாய்த்துவிடக்கூடும். விற்பனையாளர் விரல்நுனியால் ஒலிக்குமிழைச் சிறிது திருப்பினால் போதும், ஒரு இலட்சம் ரூபா வித்தியாசம் நியாயமாகிவிடும். அம்பிளிபயர்களை ஒப்பிடுவதாயின், ஹெட்போன் பொருத்தப்பட்ட நிலையில் ஒரே தொனியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் அழுத்தத்தை அளந்து இரண்டையும் சமப்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது, எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றித் தரச்செய்து, குறைந்தது பத்துத் தடவையாவது ஊகித்துப் பார்த்தல். மூன்றாவது, தெரிந்த இசையைக் கேட்டல். நாதஸ்வரமும் தவிலும் நேரில் எப்படி ஒலிக்கும் என்பதைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர்களுக்கு எந்த விமர்சகரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தவிலின் வலந்தலை அடி கூர்மையாக விழுகிறதா, தொப்பியின் முழக்கம் அதை மூடிவிடுகிறதா என்று கவனித்தாலே ஹெட்போனின் குணம் பாதி விளங்கிவிடும்.

பதிவில் இல்லாததை எந்தக் கருவியும் தராது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியெடுத்த பதிவொன்றில் கேட்பவர், ஆயிரம் டொலர் ஹெட்போனில் நாடாவின் இரைச்சலைத்தான் மேலும் தெளிவாகக் கேட்பார். ஆயினும் அந்த விரல்களின் வேகம் சாதாரண ஹெட்போனிலும் நம்மைக் கட்டிப்போடும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சுத்தானே என்று தள்ளிவிட முடியாத காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று பணம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்துவிடவில்லை. ஆயிரம் டொலர் கருவி இரண்டு இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்குத் தாவியது. இவ்வாறான நாட்டில் மாதச் சம்பளக்காரரான ஓர் இளைஞர் தமது சேமிப்பைத் தேவையற்ற அம்பிளிபயரில் கொட்டுவதற்கு, கருவியை இரவலாகப் பெற்று உவமைகளை அள்ளி வீசும் எழுத்துகளும் பொறுப்பேற்கவேண்டும்.

மற்றது காது. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் உலகில் நூறு கோடிக்கும் அதிகமான இளையோர் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதாயின் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அதன் அறிவுரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. வலுமிக்க அம்பிளிபயரைத் தேடி ஓடும் எவரும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும். போனால் திரும்பி வராத கருவி காது ஒன்றுதான். அதற்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

எனவே வாசகர்களுக்கு எனது ஆலோசனை இதுதான். கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை, தலையில் வைத்து இரண்டு மணித்தியாலம் கேட்டாலும் சலிக்காத ஹெட்போன் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அம்பிளிபயரிடம் மேற்சொன்ன இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். விற்பவர் அவற்றைச் சொல்லாமல் தேனையும் பட்டையும் பற்றிப் பேசத் தொடங்கினால், நன்றி கூறிவிட்டு வெளியே வாருங்கள். மிஞ்சும் பணத்துக்கு நல்ல இசைத்தட்டுகளை வாங்கலாம். நுழைவுச்சீட்டு எடுத்து ஒரு கச்சேரிக்கும் போகலாம். அங்கே எந்தப் பொருத்தமும் பார்க்கவேண்டிய தேவை இராது.