வீட்டு விடயத்தை வெளியே சொல்லலாமா?



அண்மைக் காலமாகத் தாய்மார் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகிறார்கள். மகன் பாடசாலைக்குப் போக மறுக்கிறான். இரவெல்லாம் போனும் கையுமாக இருக்கிறான். ஏதும் கேட்டால் கதவைச் சாத்திக் கொள்கிறான். வாப்பா கட்டாரில் இருக்கிறார். மாமியோ இது ஜின்னுடைய வேலை என்கிறார். போன் மூலமாகவே ஓர் உளவளத்துணையாளரிடம் பேசலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மனம் துணியவில்லை. "முன்பின் தெரியாத ஒருவரிடம் கணவரைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் சொல்வது புறம் பேசுவதாகாதா, ஹஸரத்?"

புறம் பேசுவது ஹராம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், தீர்வு தேடிச் சொல்வதும் பொழுதுபோக்காகச் சொல்வதும் ஒன்றல்ல. அபூ ஸுப்யான் (ரழி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள், தமக்கும் பிள்ளைக்கும் போதுமான செலவைக் கணவர் தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். கணவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசாதே என்று நபியவர்கள் தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இச்சம்பவத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் சந்தர்ப்பங்களின் கீழ் எடுத்துக் காட்டுகிறார்கள். கணவரைப் பற்றி முறையிட வந்த கவ்லா (ரழி) அவர்களின் பேச்சை அல்லாஹ்வே செவியேற்றான் என்பதிலிருந்துதான் ஸூரதுல் முஜாதலா ஆரம்பமாகிறது என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆனால் தேவையான அளவுக்கு, தேவையானவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். உளவளத்துணையாளரிடம் சொன்ன அதே விடயத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாடைமாடையாகப் போட்டால் அது வேறு கணக்கு. (சாடை யாருக்கென்று ஊருக்கே விளங்கிவிடும்!)

சரி, போனில் என்னதான் நடக்கிறது? 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, பிள்ளைகளின் வகுப்புகள் போலவே உளவளத்துணையும் ஸூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்தது. ஊரடங்கு போன பின்னரும் அந்த வழி நின்றுவிட்டது. வழமையாக ஓர் அமர்வு முக்கால் மணித்தியாலம் அல்லது ஒரு மணித்தியாலம். வாரம் ஒரு முறை, அல்லது இரு வாரங்களுக்கு ஒரு முறை. முதல் நாளில் அறிவுரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். அன்று கேள்விகள்தான் அதிகம். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எப்போதிருந்து இப்படி, பாடசாலையில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, வீட்டில் அவனோடு கடைசியாகச் சிரித்துப் பேசியது யார் என்றெல்லாம் கேட்பார்கள்.

அடுத்து வருவதுதான் பல தாய்மாருக்குக் கசக்கிறது. "பிள்ளையைத் திருத்தித் தாருங்கள் என்று போனால், என்னையல்லவா மாறச் சொல்கிறார்கள்!" உண்மைதான். சிறு பிள்ளைகள் விடயத்தில் வேலையின் பெரும்பகுதி பெற்றோருடன்தான் நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளையைத் திரைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருத்த எவராலும் முடியாது. தாய் நாளொன்றுக்கு எத்தனை தடவை 'செய்யாதே' என்கிறாள், எத்தனை தடவை நல்லதைக் கண்டு 'மாஷா அல்லாஹ்' என்கிறாள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். உம்மா மறுத்ததை உம்மம்மா இரகசியமாகக் கொடுக்காதபடி வீட்டில் ஒரே சட்டம் இருக்கச் சொல்வார்கள். இரவில் போன்களெல்லாம், உங்களுடையதும் சேர்த்துத்தான், ஹோலில் ஒரே இடத்தில் இருக்கச் சொல்வார்கள். பிள்ளை வளர்ந்தவனாயின் அவனோடு தனியாகவும் பேசுவார்கள். அப்போது கதவோரம் நின்று காது கொடுக்க வேண்டாம். அவன் சொன்னதையெல்லாம் உங்களிடம் ஒப்புவிக்கவும் மாட்டார்கள். உயிராபத்து, பிள்ளைக்கு யாரேனும் தீங்கு செய்தல் போன்றவற்றை மட்டும் மறைக்க மாட்டார்கள்.

இந்த முறையில் நான் காணும் மிகப் பெரிய நன்மை வேறொன்று. வாப்பா வெளிநாட்டில் உள்ள வீட்டில், பிள்ளையின் விடயம் முழுவதும் தாயின் தலையிலேயே விழுகிறது. அவர் காசு அனுப்புகிறார்; பிழைத்தால் "நீ என்ன வளர்த்தாய்?" என்று கேட்கிறார். ஓர் அறையில் நடக்கும் ஆலோசனைக்கு அவரால் வர முடியாது. திரையில் நடக்கும் ஆலோசனைக்கு வரலாம். நமக்கு இரவு 9 மணியாகும்போது கட்டாரிலும் சவூதியிலும் மாலை 6.30. வெள்ளிக்கிழமை விடுமுறையுள்ளவராயின் இன்னும் இலகு. வளைகுடா நாடுகள் சிலவற்றில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. எந்தச் செயலி அங்கு வேலை செய்யும் என்பதை முன்னமே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். மூன்றாமவர் முன்னிலையில் பேசும்போது கணவன் மனைவி இருவரது குரலும் கொஞ்சம் தணியும். குற்றம் சாட்டும் வேகமும் குறையும்.

கணவன் மனைவிப் பிணக்குக்கு இரு தரப்புக் குடும்பத்திலிருந்தும் நடுவர் ஏற்படுத்துமாறு ஸூரதுந் நிஸா (4:35) சொல்கிறதே என்று சிலர் கேட்பர். அதற்கு இது மாற்றீடல்ல. நடுவர் இணக்கம் செய்து வைப்பவர். உளவளத்துணையாளர் தீர்ப்பே சொல்வதில்லை. நம் ஊர்களில் நடுவராக வரும் மாமாவும் சாச்சாவும் ஒரு கட்சியாகவே வந்து அமர்ந்துவிடுவதும், பின்னர் விடயம் காதி நீதிமன்றத்துக்குப் போவதும் நாம் காணாததல்ல. அதற்கு முன்னர் இருவரும் மனம்விட்டுப் பேச ஓர் இடம் கிடைத்தால் நல்லதுதானே.

பெண்கள் இயன்றவரை பெண் உளவளத்துணையாளரையே கேளுங்கள். ஆண்தான் கிடைத்தார் என்றால் கணவரோ மஹ்ரமோ அழைப்பில் சேர்ந்திருப்பது பேணுதல். நம் வீடுகளில் தனியிடம் அரிது. மாமி அஸருக்கு எழும்பும் முன்னர், இயர்போன் மாட்டிக்கொண்டு, பின்பக்கத்து அறையில் பேசலாம். அழைப்பு பதிவு செய்யப்படுகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தார் என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. உளநல வைத்தியராயின் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்க வேண்டும்.

போனிலேயே ஜின்னைக் கண்டுபிடித்து, வங்கிக் கணக்கிலக்கம் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். குர்ஆன் ஓதிப் பார்ப்பது ஸுன்னத். அதைப் பிள்ளையின் தலையில் கைவைத்து நீங்களே செய்யலாம், காசு தேவையில்லை. நோய் தந்தவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று நபியவர்கள் கற்றுத் தந்திருக்க, ஓதுவதையும் வைத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

கட்டணம் கட்ட வசதியில்லாதோர் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை விசாரியுங்கள். அரச வைத்தியசாலைகளின் உளநல கிளினிக்கும் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

திரைக்கு அடங்காத விடயங்களும் உண்டு. பிள்ளை பெற்ற தாய் நாட்கணக்கில் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுதல், யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்று சொல்லுதல், உயிரை மாய்த்துக் கொள்ளப் போகிறேன் என்று பிள்ளை சொல்லுதல் ஆகியவற்றுக்கு அடுத்த வாரத்து அமர்வு வரை பொறுத்திருக்கக் கூடாது. வீட்டில் அடிதடி நடந்தால், அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே அழைப்பில் இருத்துவதே ஆபத்து. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்கள் உள்ளன. உயிருக்கு ஆபத்தென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அந்நேரத்தில் கட்டாருக்கு அழைப்பெடுத்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னால் போதும்.