எல்லாம் ஒரு வாயில் வழியே செல்லுதல் வேண்டுமோ?

விடுமுறையில் ஊர் சென்ற மாணவன் ஒருவன், தான் எழுதும் கட்டுரைக்கு வேண்டிய ஆராய்ச்சி இதழைத் தன் கணினியில் தேடுகின்றான். கல்லூரியினுள் இருந்தபோது தடையின்றித் திறந்த அவ்விதழ் வீட்டில் திறக்க மறுக்கின்றது. காரணம் யாதெனின், பதிப்பாளர் பலர் படிப்போன் யாவன் என்று பார்ப்பதில்லை. வேண்டுகோள் எந்த இணைய முகவரியினின்று வருகின்றது என்பதையே பார்க்கின்றனர். கல்லூரியின் முகவரி சந்தா செலுத்திய முகவரி. வீட்டின் முகவரி அஃதன்று. இவ்விடர் நீங்கக் கல்லூரிகள் பல வி.பி.என். என்னும் ஏற்பாட்டினைச் செய்து கொடுக்கின்றன. அதன் பயனை மறுப்பார் இலர். ஆயினும், நூலகத்தின் பொருட்டுத் திறந்த அவ்வாயில் வழியே மாணவனது கணினியின் போக்குவரத்து முழுவதும் செல்லுதல் தகுமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் அதன் இயல்பினை உணர்தல் நலம். தொலைவிலுள்ள கணினி அனுப்பும் தரவுப் பொதி மறையாக்கம் பெற்று, பிறிதொரு பொதியினுள் அடங்கிக் கல்லூரியின் சர்வரை அடைகின்றது. உறையினுள் உறையிட்ட கடிதம் போன்றது இது. புறவுறையில் சர்வரின் முகவரியே காணப்படுதலின், இடையிலுள்ளார் உள்ளுறையை அறியார். சர்வர் புறவுறையைக் களைந்து, அனுப்பினோன் முகவரி இருந்த இடத்தில் தன் முகவரியை இட்டு, உரிய இடத்துக்கு விடுக்கும். மறுமொழியும் அவ்வழியே மீளும். ஆகவே பதிப்பாளர் கண்ணுக்கு மாணவன் கல்லூரியினுள் இருப்பவனாகவே தோன்றுகின்றான்.

எப்பொதி இச்சுரங்க வழியே செல்வது, எது பழைய வழியே செல்வது என்பதனை முடிவு செய்வது கணினியிலுள்ள வழிப்பட்டியலே. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6-இல் இடம்பெற்ற வயர்கார்டு என்னும் மென்பொருளில் 0.0.0.0/0 என்று எழுதினால், ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரிகள் அனைத்துக்கும் அதுவே வழியாகும். அவ்விடத்தில் நூலகத்துக்குரிய முகவரிகளை மட்டும் எழுதினால், அவை மட்டுமே அவ்வழியே செல்லும். ஓப்பன்வி.பி.என். பழைய பொதுவழியை அழியாது, முகவரிப் பரப்பினை 0.0.0.0/1, 128.0.0.0/1 என இரு பாதியாக்கி மேலே வைக்கும் முறையினையும் உடையது. குறுகிய வழியே முதன்மை பெறும் என்பது விதியாதலின் அப்பாதிகளே வெல்லும். எம்முறையாயினும் சர்வரின் சொந்த முகவரிக்கு மட்டும் பழைய வழியை விட்டுவைத்தல் வேண்டும். சுரங்கத்தின் வாயிலை அடையும் பாதையையும் சுரங்கத்தினுள்ளேயே வைத்தல் இயலாதன்றோ! இங்ஙனம் எல்லாம் செல்லுதற்கும் சில செல்லுதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு வரியே. அவ்வரியை எழுதுவார் யார், எண்ணி எழுதுகின்றாரோ என்பதே கேள்வி.

எண்ணாது எழுதியதன் பயனை யாமே நுகர்ந்தோம். சென்ற பருவத்தில் விடுதியிலிருந்தபடியே எம் ஊர்வீட்டுக் கணினியை இயக்கி, அதன் போக்குவரத்து முழுவதையும் ஒரு வி.பி.என். சர்வர் வழியே திருப்பினோம். கட்டளையை இட்டு முடித்த அளவிலே திரை அசைவற்று நின்றது. கணினி இறந்துபடவில்லை, எம் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அதன் மறுமொழிகள் பழைய வாயிலை விட்டுப் புதிய சுரங்கத்தினுள் புகுந்தன. அவை எம்மை வந்தடையவில்லை. அடைந்திருப்பினும், வேற்று முகவரியினின்று வந்த மறுமொழியை எம் கணினி ஏற்றிராது. நுனிக்கிளையில் இருந்து அடிக்கிளையை வெட்டினோன் நிலையை எய்தினோம். இரண்டு நாள் கழித்துத் தம்பி மின்விசையை அணைத்து மீண்டும் போட்ட பின்னரே அக்கணினி எமக்கு வாய்த்தது. பழைய வாயில் வழியே வந்தார்க்கு அவ்வாயில் வழியே விடையிறுக்குமாறு தனியொரு வழிப்பட்டியல் அமைத்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது என்பதனைப் பின்னர் கற்றோம்.

எல்லாம் சர்வர் வழியே செல்லுதலே நன்று என்பாரும் உளர். அவர் கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. புகைவண்டி நிலையத்திலும் உணவுச்சாலையிலும் உள்ள பொது இணைப்புக்களை முற்றும் நம்புதல் அரிது. மேலும், பாதி வெளியிலும் பாதி உள்ளுமாக நிற்கும் கணினியில் தீய மென்பொருள் புகுந்திருப்பின், அது கல்லூரி வலைக்குப் பாலமாகிவிடும் என்றும் அஞ்சுவர். நூலக முகவரிகளை மட்டும் பிரித்து எழுதுதலும் எளிதன்று; பதிப்பாளர் தம் முகவரிகளை மாற்றுந்தோறும் பட்டியலையும் மாற்றுதல் வேண்டும்.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குக. வீட்டிலிருந்து ஒருவன் காணும் திரைப்படமும் முழுவழியில் ஒருமுறை கல்லூரிக்குள் வந்து, மறுமுறை கல்லூரியினின்று வெளியேறும். ஒருவன் பொழுதுபோக்குக்குக் கல்லூரியின் இணைப்பு இருமுறை சுமை தாங்கும். 2020-இல் பெருந்தொற்றினால் யாவரும் வீட்டிலிருந்து பணியாற்றியபோது, இச்சுமையைக் குறைத்தற்பொருட்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் சேவைகளின் போக்குவரத்தைச் சுரங்கத்துக்குப் புறத்தே விடுமாறு அறிவுறுத்திற்று.

இதனினும் பெரிது நம்பிக்கை பற்றியது. வி.பி.என். இரகசியத்தைப் படைப்பதில்லை, அறிவோர் யார் என்பதனை மாற்றுகின்றது. இணையதளங்கள் மிகப் பல தம்மளவில் மறையாக்கம் உடையனவாதலின், சர்வரை நடத்துவார் கடிதத்தைப் படித்தல் அரிது. ஆயினும் யாருக்கு, எப்போது, எவ்வளவு எழுதினோம் என்பதனை அவர் காணலாம். வங்கி, மருத்துவர், வேலை தேடும் இடம் என ஒரு மாணவன் தட்டும் கதவுகள் அனைத்தையும் கல்லூரி காணவேண்டுவது ஏன்? விலைக்கு வாங்கும் வி.பி.என். இதனைத் தீர்க்கும் என்பதும் உறுதியன்று. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன், அச்சேவை தருவோர் தம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு காத்துவைத்தல் வேண்டுமென ஆணையிட்டது.

ஆதலின் எம் கருத்து இது. கல்லூரிக்குரிய கணினி எங்கிருப்பினும், அதன் போக்குவரத்து முழுவதும் கல்லூரி வழியே செல்லுக. பொருள் கல்லூரியினுடையது, காவலும் அதனுடையதே. மாணவன் தன் பொருள் கொண்டு வாங்கிய கணினியிலோ, நூலகமும் கல்லூரிப் பணியும் மட்டுமே அவ்வழியே செல்லுதல் முறை. பொது இணைப்பில் அமரும்போது முழுவழியை அவனே விரும்பித் தேர்க. முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் உழைப்பு கல்லூரியினது ஆகுக. மாணவர் பலரது தனிவாழ்வைக் காப்பதற்கு அது பெருவிலையன்று. எவ்வழி அமைக்கப்பட்டுளது, குறிப்புக்கள் எத்தனை நாள் வைக்கப்படும் என்பவற்றை எளிய தமிழில் எழுதி நூலக வாயிலில் ஒட்டுவாராயின் சாலச் சிறப்பு.

மாணவ அன்பர்காள்! உம் கணினியில் அவ்வொரு வரியை இன்றே நோக்குமின். எழுதியது யார் என்றும், மறுமுனையில் இருப்பார் யார் என்றும் அறிந்த பின்னர் வாயிலைத் திறமின்.