தோள் கீலும் விலை வரம்பும்

பண்பொழி திருமலைக் குமரனைத் தரிசிக்கப் போகும் கனவான்கள் அடிவாரத்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்தே போகிறார்கள். அங்கே நாற்று முடி சுமப்பவனுக்கும் தேங்காய் இறக்குபவனுக்கும் கைதான் ஆஸ்தி. தோள் கீல் முடங்கித் தலை சீவவும் கை எழாமற் போனால் அவன் குடும்பத்தின் கதி என்ன? முழங்கால் நோவைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. தோளைப் பற்றிப் பேசுவாரில்லை.

கீல்வாதம் முற்றினால் புஜ எலும்பின் உருண்டைத் தலையும் அதை ஏந்தும் தோட்பட்டைக் கிண்ணமும் உராய்ந்து தேய்கின்றன. தலைக்கு உலோகத்தில் மாற்று உண்டு. கிண்ணத்து எலும்பே கரைந்துவிட்டால்தான் சங்கடம். சுவரை வைத்தல்லவோ சித்திரம் எழுதவேண்டும்?

1893-ல் பாரிஸில் பெயான் என்ற ரண வைத்தியர், க்ஷயத்தால் தோள் எலும்பு அழிந்த ஒருவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கைக் கீலை வைத்தார். சுமார் இரண்டு வருஷத்தில் அதை எடுக்க நேர்ந்தது. 1985-ல் அதே தேசத்துக் கிராமோன் அமைப்பையே தலைகீழாக்கினார்: கிண்ணம் இருந்த இடத்தில் உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம். உள் தசைநாண்கள் அறுந்தவருக்கும் தோளின் புறத்தசை கையை உயர்த்திக் கொடுக்கிறது. குறைந்த எலும்பை ஈடுசெய்ய, வெட்டியெடுத்த புஜத் தலையையே ஒட்டாக வைப்பதும் உண்டு. இது வைத்தியன் புத்தியா, தச்சன் புத்தியா என்று நாம் வியக்கிறோம்.

நோவுள்ள தோளுக்கெல்லாம் கத்தி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கத்தி வேண்டியவன், எலும்பு மிச்சமிருக்கும்போதே வைத்தியரிடம் போகவேண்டும் என்கிறோம். எப்படிப் போவான்? 2019-ல் தென்காசி தனி ஜில்லா ஆயிற்று. வைத்தியக் கல்லூரியோ 60 கிலோமீட்டருக்கு அப்பால் பாளையங்கோட்டையில் இருக்கிறது. போகவர ஒரு நாள் கூலி போய்விடும்.

சட்டத்தின் விசித்திரத்தையும் பாருங்கள். 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம், வேலையில் நேர்ந்த விபத்தில் தோளோடு கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 90 சதவிகிதம் நஷ்டமென்று கணக்கிட்டது. கை தொங்கிக்கொண்டு, கீல் மட்டும் தேய்ந்தவனுக்கு அந்த அட்டவணையில் வரியிருக்கவில்லை.

2017-ல் மத்திய சர்க்கார் முழங்கால் மாற்றுக் கருவிகளுக்கு விலை வரம்பு விதித்தது. அந்த உத்தரவில் தோள் சேரவில்லை. தோள் கருவிக்கும் வரம்பு விதிக்கவேண்டும். தென்காசி ஜில்லா ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியர் தோள் நோயாளிகளைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒரு நாள் குறித்து, அதைக் கிராமங்களில் தண்டோரா போட்டு அறிவிக்கவேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர் முதல் விஷயத்தையும், சட்டசபை அங்கத்தினர் இரண்டாவதையும் அடுத்த கூட்டத்திலேயே கிளப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.